வியன்னாவுக்குப் போன வெள்ளைக் கல்

தண்ணீரில் போட்டால் மூழ்காமல் மிதக்கும் கல் உண்டு என்றால் நம்புவீர்களா? துருக்கியின் எஸ்கிஷெஹிர் நகரைச் சுற்றியுள்ள கிராமங்களில், மண்ணுக்கடியில் கிடைக்கிறது அந்த வெள்ளைக் கல். காய்ந்துவிட்டால் அவ்வளவு இலேசு. ஜெர்மானியர் அதற்கு 'மீர்ஷாம்' என்று பெயர் வைத்தார்கள். கடல் நுரை என்று பொருள். எஸ்கிஷெஹிரிலோ கடலே கிடையாது! துருக்கியர் அதை 'லூலெதாஷி' என்பர். சுங்கான் கிண்ணத்துக்கான கல் என்று அர்த்தம்.

உலகம் அறிந்தது என்னவோ ஜெர்மன் பெயரைத்தான். அதற்குக் காரணம் உண்டு.

18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் இக்கல்லில் சுங்கான் செதுக்கத் தொடங்கினர். புடாபெஸ்டைச் சேர்ந்த செருப்புத் தைப்பவர் ஒருவர்தான் முதலில் செதுக்கினார் என்பார்கள். சுவையான கதைதான், ஆதாரம் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் இக்கலைக்கு வியன்னாவே தலைநகர். கிணறு போல் குழி தோண்டி, அடியில் பக்கவாட்டில் குடைந்து கல் எடுத்தவர்கள் துருக்கியக் கிராமத்தார். கல் பெட்டி பெட்டியாக வியன்னாவுக்குப் போனது. செதுக்கியவர் கலைஞரானார், தோண்டியவர் கூலிக்காரராகவே இருந்தார்.

ஈரமாக இருக்கும்போது இந்தக் கல் சவர்க்காரக் கட்டி போலக் கத்திக்கு இணங்கும். மேல்தோலைச் சீவி, விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கிண்ணத்தைக் குடைந்து, புகைக்கு வழி துளைத்து, பிறகு உருவம் கொடுப்பார்கள். தலைப்பாகை கட்டிய சுல்தான் முகமும் முட்டையைப் பற்றிய கழுகின் நகமும் பெயர்பெற்றவை. காயவைத்து மெருகேற்றி, உருக்கிய தேன்மெழுகில் முக்கி எடுப்பார்கள். புகைக்கப் புகைக்க வெள்ளை மஞ்சளாகும், பின் தேன் நிறமாகும், ஆண்டுகள் போனால் ஆழ்ந்த பழுப்பாகும். உடைமையாளருக்கு அதுவே பெருமை. செதுக்கும்போது உதிர்ந்த தூளைக்கூட ஐரோப்பியர் வீணாக்கவில்லை. அழுத்திக் கட்டியாக்கி மலிவுச் சுங்கான் செய்தார்கள்.

1970களில் துருக்கி அரசு விழித்துக்கொண்டது. செதுக்காத கல்லை வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை விதித்தது. எஸ்கிஷெஹிர்க் கைவினைஞர்களைத் தேடி வேலை வந்தது. தாங்கள் செய்த சுங்கானில் சொந்தப் பெயரையும் பொறித்தார்கள்.

ஆனால் உரிமை கைக்கு வந்த காலத்தில் உலகம் புகையை விட்டு விலகத் தொடங்கியிருந்தது. 2009இல் துருக்கியின் காப்பிக் கடைகளுக்குள்ளேயே புகைக்கத் தடை வந்தது. உடல் நலத்தை எண்ணினால் அதைக் குறை சொல்ல முடியாது. சுங்கான் செதுக்கிய கைகள் இன்று அதே கல்லில் காதணியும் கழுத்துமணியும் ஜெபமாலை மணியும் செய்கின்றன. அந்த ஆழக் குழிக்குள் இறங்கத்தான் ஆள் குறைந்துகொண்டே வருகிறது.