காரீயம்: வழியில் அகப்பட்ட காபன்

பென்சில் கூருக்குள் இருப்பது ஈயம் இல்லை. 'காரீயம்' என்ற பெயரே ஒரு பழைய தவறு. ஐரோப்பியர்களும் ஈயத்தைப் போன்றது என்ற அர்த்தத்தில் அதைப் 'பிளம்பேகோ' என்றுதான் அழைத்தார்கள். 1779இல் சுவீடனில் கார்ல் ஷீலே அதை ஆராய்ந்து, இது ஈயமே அல்ல, காபன் என்று காட்டினார். பத்து வருடம் கழித்து வேர்னர் என்ற ஜேர்மன் அறிஞர் 'எழுதுதல்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'கிறபைட்' என்று பெயர் வைத்தார். நாங்கள் இன்னும் காரீயம் என்றே எழுதுகிறோம், போகட்டும்.

கேகாலையில் போகல, குருநாகலில் கஹட்டகஹ என்று ஒரு வரி எழுதினால் பரீட்சையில் புள்ளி கிடைத்துவிடும். அந்த வரிக்குக் கீழே கிடப்பது 55 கோடி வருடத்துக் கதை.

காபன் வட்டம் என்று பலகையில் படம் வரையும்போது மரம், மாடு, தொழிற்சாலை, முகில் எல்லாம் வரும். படம் தரையோடு நின்றுவிடும். உண்மையில் பெரிய வட்டம் தரைக்குக் கீழேதான் சுற்றுகிறது. மழைநீரில் கரைந்த காபனீரொட்சைட்டு பாறையைக் கரைக்கிறது. அது ஆற்றோடு கடலுக்குப் போய் சிப்பியின் ஓடாகி, சுண்ணாம்புப் படிவாகிறது. கடற்தரை கண்டத்துக்கு அடியில் செருகும்போது அந்தச் சுண்ணாம்பும் சேர்ந்து இறங்குகிறது. அங்கே வெப்பத்தில் சிதைந்து, எரிமலை வழியாகத் திரும்ப வாயுவாக வருகிறது. நைதரசனும் இப்படியே களிமண் கனியங்களுக்குள் ஒளிந்துகொண்டு கீழே போகிறது, அளவு குறைவு. ஒரு சுற்று முடியக் கோடிக்கணக்கான வருடம் எடுக்கும்.

எங்கள் காரீயம் இந்தச் சுற்றில் பாதிவழியில் மாட்டிக்கொண்ட காபன்.

61 கோடி முதல் 55 கோடி வருடங்களுக்கு முன்பு கண்டங்கள் மோதி கொண்டுவானா உருவானபோது, இன்றைய மத்திய மலைநாட்டுப் பாறைகள் 20 கிலோமீற்றருக்கும் கீழே, 800 பாகை செல்சியஸுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் வெந்துகொண்டிருந்தன. அந்த ஆழத்தில் காபனீரொட்சைட்டு நிறைந்த பாய்மங்கள் பாறை வெடிப்புகளுக்குள் ஏறின. ஏறிய இடத்தில் காபன் படிந்தது. மேலிருந்த மலையை மழையும் காற்றும் கோடி வருடங்களாக அரித்துத் தள்ள, அது எங்கள் கால்களுக்கு அருகே வந்தது. சில அங்குலம் முதல் ஒரு மீற்றருக்கு மேல் தடிப்பான நாளங்கள், 95 முதல் 99 வீதம் வரை தூய்மை. இப்படி நாளமாகக் கிடைக்கும் காரீயம் வணிக அளவில் தோண்டப்படுவது இலங்கையில் மட்டும்தான்.

அந்தக் காபன் எங்கிருந்து வந்தது? உயிரினங்கள் பாரம் குறைந்த காபன்-12ஐ அதிகம் விரும்பும். ஆகவே உயிரிலிருந்து வந்த காபனுக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. எங்கள் காரீயத்தின் விகிதம் அதைவிட மூடகத்துக் காபனுக்கே நெருக்கமாக இருக்கிறது. அதனால் பெரும்பகுதி மூடகத்திலிருந்து வந்தது என்கிறார்கள் ஒரு சாரார். மாத்தளை, கண்டிப் பக்கத்துப் பளிங்குச் சுண்ணக்கல் வெந்து வெளிவிட்ட வாயுவும் கலந்திருக்கிறது என்கிறார்கள் மற்றவர்கள். எனக்கு இரண்டாவது கட்சிதான் பிடிக்கும். சூளையில் சுண்ணாம்பு சுடும்போது நடப்பதும் கிட்டத்தட்ட அதுதானே!

1856இல் லண்டனின் பற்றர்சியில் மோர்கன் சகோதரர்கள் உலோகம் உருக்கும் மூசைகள் செய்யத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் டிக்சன் கம்பனி. இருவருக்கும் இலங்கைக் காரீயம் வேண்டும். முதலாம் உலகப் போரில் பீரங்கிக் குண்டுக்குப் பித்தளை உருக்கியபோது தேவை உச்சத்துக்குப் போய், 1916இல் ஏறத்தாழ 33,000 தொன் ஏற்றுமதியானது. போர் முடிந்ததும் சரிந்தது. மடகாஸ்கரின் மலிவான காரீயமும் சந்தையைப் பிடித்துக்கொண்டது.

இந்தப் பணம்தான் எங்கள் அரசியலின் முதல் பக்கங்களை எழுதியது. முதல் பிரதமர் டி.எஸ். சேனாநாயக்கவின் தந்தை டொன் ஸ்பேட்டர் காரீய வியாபாரத்தில் செல்வந்தரானவர். மூன்றாவது பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவலயின் தாயின் தந்தையும் காரீய முதலாளியே. பாடப்புத்தகத்தில் இவர்களுடைய பெயர்கள் இருக்கின்றன. மர ஏணியில் இறங்கி, எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் வெட்டி, உடம்பெல்லாம் கறுப்பு மினுமினுக்க மேலே வந்த கிராமத்து மனிதர்களின் பெயர் ஒன்றும் இல்லை. கொழும்புக் கொட்டில்களில் நாள் முழுக்கக் கட்டி கட்டியாகத் தரம் பிரித்த பெண்களின் பெயரும் இல்லை. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் ஏற்றுமதித் தொகையை மட்டும் மனனம் செய்ய வைப்பது அரைப் பாடம்தான்.

மூசை நிரந்தரமில்லை. ஒவ்வொரு தடவை உலையில் ஏறும்போதும் அதன் காரீயம் கொஞ்சம் எரிந்து காபனீரொட்சைட்டாகப் போகும். 55 கோடி வருடம் நின்றுபோயிருந்த பயணத்தை பற்றர்சி உலைகள் முடித்து வைத்தன.

1971இல் சுரங்கங்கள் அரசுடைமையாகின. இப்போது மின்கல உற்பத்திக்காக உலகம் மறுபடி காரீயத்தைத் தேடுகிறது. நாங்கள் அனுப்புவதோ வருடத்துக்குச் சில ஆயிரம் தொன், அதிலும் பெரும்பகுதி மூலப்பொருளாகவே. கஹட்டகஹ சுரங்கம் 600 மீற்றர் ஆழத்தைத் தொட்டிருக்கிறது. இன்றைக்கும் ஆட்கள் அதற்குள் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.