நெல்லின் பெயர்களும் பெயரிட்டோரும்: பள்ளு இலக்கியம் முதல் விதைத் திருவிழா வரை

முன்னுரை

ஒரு வட்டாரத்தின் உணவு மரபை ஆராய்வோர் பெரும்பாலும் சமைத்த உணவிலிருந்தே தொடங்குவர். சோறு, கஞ்சி, அவல், பொரி ஆகியவற்றின் சுவையையும் பயனையும் வரையறுப்பது நெல்லின் வகையே ஆகும். அந்நெல்லைத் தெரிந்தெடுத்து, பெயரிட்டு, அடுத்த பருவத்திற்கு விதையாகக் காத்தோர் யாவர் என்னும் வினா உணவு வரலாற்றின் அடிப்படை வினாவாகக் கருதத்தக்கது. அவ்வினாவிற்கான இலக்கியச் சான்றாகப் பள்ளு நூல்கள் அமைகின்றன. அவற்றில் இடம்பெறும் நெல்வகைகளின் பெயர்களைக் கொண்டு, உழவுத் தொழிலாளரின் அறிவும் அவ்வறிவு பின்னாளில் அடைந்த நிலையும் இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன.

பள்ளு நூல்களில் விதைக் கணக்கு

சிற்றிலக்கிய வகைகளுள் ஒன்றாகிய பள்ளு, உழத்திப் பாட்டு எனவும் வழங்கப்பெறும். நாயக்கர் காலத்தில் செல்வாக்குப் பெற்ற இவ்வகையுள் முக்கூடற்பள்ளு சிறப்பிடம் பெறுகிறது. தாமிரபரணியும் சிற்றாறும் கூடும் திருநெல்வேலிப் பகுதியைக் களமாகக் கொண்ட இந்நூலின் ஆசிரியர் பெயர் அறியப்படவில்லை. ஈழத்திலும் கதிரைமலைப் பள்ளு, பறாளை விநாயகர் பள்ளு முதலியன தோன்றியுள்ளன.

பள்ளன், மூத்த பள்ளி, இளைய பள்ளி, பண்ணைக்காரன் ஆகியோர் பள்ளு நூல்களின் முதன்மை மாந்தர். மழை, ஆற்று வெள்ளம், உழவு, விதைப்பு, நடவு, அறுவடை என வேளாண்மையின் படிநிலைகள் கதைப்போக்கில் வரிசையாக அமைகின்றன. விதை வகைகளையும் மாட்டு வகைகளையும் ஏர்க்கருவிகளையும் அடுக்கிக் கூறுவது இந்நூல்களின் மரபு. முக்கூடற்பள்ளில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட நெல்வகைகள் பெயர் சுட்டப்படுகின்றன. அவ்விதைக் கணக்கைச் சொல்லும் உரிமையைப் புலவர் பள்ளனுக்கே வழங்கியுள்ளார் என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. பண்ணைக்காரன் கேட்பவனாகவும் பள்ளன் அறிந்தவனாகவும் நிற்கின்றனர்.

பெயர்களில் பொதிந்த அறிவு

முக்கூடற்பள்ளு கூறும் பெயர்களைப் பகுத்து நோக்கின், அவை வயலில் நின்று உற்றுநோக்கியோர் இட்ட பெயர்கள் என்பது புலனாகும். செஞ்சம்பா, கருங்குறுவை என்பன நிறம் பற்றியவை. நெடுமூக்கன், காடைக்கழுத்தன் என்பன மணியின் அல்லது கதிரின் தோற்றத்தை உயிரினங்களின் உறுப்போடு ஒப்பிடுவன. சீரகச் சம்பா என்பது மணியின் நுண்மையைச் சீரகத்தோடு இயைக்கிறது. புனுகுச் சம்பா மணத்தையும் மணல்வாரி மண்ணையும் நினைவூட்டுகின்றன.

இம்மரபு பள்ளு நூல்களோடு நின்றுவிடவில்லை. அறுபதாம் குறுவை என்பது விளையும் நாளளவைக் குறிக்கும். காட்டுயானம், யானையும் மறையுமளவு உயர்ந்து வளர்வதால் அப்பெயர் பெற்றது என்பர். அது வெள்ளத்தைத் தாங்கும் நெல். குழியடிச்சான் கடற்கரையோர உவர்நிலத்திற்கு ஏற்றது. பெயரைக் கேட்ட அளவிலேயே நெல்லின் இயல்பை உணரத்தக்க வகையில் அமைந்த இத்தொகுதி, எழுதப்படாத வேளாண் நூல் எனத் தகும்.

உணவுப் பயன்பாடும் இவ்வறிவில் அடங்கும். சீரகச் சம்பா விருந்துக்குரியதாகவும், மாப்பிள்ளைச் சம்பா நீராகாரத்திற்கு உரியதாகவும், பூங்கார் மகப்பேற்றை அடுத்த காலத்தில் பெண்களுக்கு ஏற்றதாகவும், கவுணி அரிசி செட்டிநாட்டு விருந்தின் இனிப்பிற்குரியதாகவும் மதிக்கப்பட்டு வந்துள்ளன. நாற்றுப் பறித்தலும் நடவும் களையெடுப்பும் பெண்களின் பணிகளாதலால், இவ்வறிவில் அவர்களது பங்கு பெரிது. விதைநெல்லை வைக்கோற்பிரியால் சுற்றிக் கோட்டையாகக் கட்டி, சாணமும் மண்ணும் பூசிக் காக்கும் வழக்கமும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. தென்மாவட்டங்களில் நிலத்தின் பரப்பையே கோட்டை விதைப்பாடு என விதையளவால் கணக்கிட்டனர்.

விளைத்தோரின் நிலை

விதைக் கணக்கைச் சொல்லும் பள்ளன் அதே நூலில் பண்ணைக்காரனால் தொழுமரத்தில் மாட்டப்படுகிறான். அறிவு அவனிடமும் நெல்லின் மீதான ஆணை பிறரிடமும் இருந்தன என்பதை இவ்விரு காட்சிகளும் ஒருங்கே உணர்த்துகின்றன. சிறைமீட்டான் என்னும் நெல்லின் பெயரை அவன் உரைப்பது, கற்பவருக்கு அவன் நிலையை எண்ணச் செய்வதாகும். பள்ளு நூல்களை நகைச்சுவைக்கும் சந்த இன்பத்திற்கும் மட்டும் போற்றும் திறனாய்வு இம்முரணைக் காணத் தவறிவிடுகிறது. பள்ளன், பள்ளி என்னும் பெயர்கள் இலக்கிய வகையின் பெயரோடு இணைந்தவையாதலால் இக்கட்டுரையில் ஆளப்படுகின்றன. பள்ளர் உள்ளிட்ட ஏழு பிரிவினரைத் தேவேந்திரகுல வேளாளர் என ஒரே பெயரால் குறிக்கும் சட்டம் 2021இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

பிற்கால வரலாறும் இந்நிலையை உறுதிப்படுத்துகிறது. அடிமை முறைக்கு அளிக்கப்பட்டிருந்த சட்ட ஏற்பை 1843ஆம் ஆண்டின் சட்டம் நீக்கியது. ஆயினும் பண்ணையாள் முறை நெடுங்காலம் நீடித்தது. தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல்தான் வந்தது. நெற்கூலி உயர்வு கேட்டு எழுந்த போராட்டத்தின் தொடர்ச்சியாக, 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். பெண்களும் குழந்தைகளுமே அவர்களுள் மிகுதி. தமிழகத்தின் நெற்களஞ்சியம் எனப்பட்ட மாவட்டத்தில், நெல்லை விளைத்தோர் சில படி நெல்லுக்காகப் போராட வேண்டியிருந்தது என்பதை உணவு வரலாறு மறத்தல் கூடாது.

எண்களாக மாறிய பெயர்கள்

கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையம் 1912இலும் ஆடுதுறை நிலையம் 1922இலும் தொடங்கப்பட்டன. 1921இல் வெளியான ஜி.இ.பி. 24 என்னும் நெல், கோனாமணி என்னும் நாட்டுநெல்லில் தோன்றிய மாறுபாட்டிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்டது. அதன் பெயரில் உள்ளவை அரசு அலுவலர் ஒருவரின் பதவிப் பெயருடைய ஆங்கில முதலெழுத்துகள். இந்நெல்லையும் ஜப்பானிய நெல்லையும் இணைத்து உருவாக்கப்பட்ட ஏ.டி.டி. 27, 1960களில் தஞ்சை வயல்களில் பரவியது. ஐ.ஆர். 8 1966இல் வெளியிடப்பட்டது.

இப்புதிய நெல்வகைகள் விளைச்சலைப் பெருக்கின. பஞ்சத்தின் அச்சத்தைத் தணித்தன. அதனை மறுத்தல் இயலாது. எனினும் பெயரிடும் உரிமை வயலிலிருந்து ஆய்வு நிலையத்திற்கு இடம்பெயர்ந்ததும் இக்காலத்தில்தான். நிலையத்தின் சுருக்கப் பெயரும் வரிசை எண்ணும் நெல் தோன்றிய இடத்தையும் வரிசையையும் காட்டும். மண்ணையும் மணத்தையும் உணவுப் பயனையும் அவை காட்டா. கோனாமணியைக் காலங்காலமாகக் காத்துத் தந்தோரும் அப்பெயரில் இடம்பெறவில்லை.

மீட்பு முயற்சிகள்

நம்மாழ்வாரின் வழியில் இயங்கிய நெல் ஜெயராமன் 2006 முதல் திருத்துறைப்பூண்டிப் பகுதியில் நெல் திருவிழாவை நடத்தினார். 2 கிலோ விதை பெற்றுச் செல்லும் உழவர் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தருவது அங்குப் பின்பற்றப்பட்ட முறை. 2018இல் அவர் மறைவதற்குள் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நெல்வகைகள் மீட்கப்பட்டிருந்தன.

இந்தியாவின் பிற பகுதிகளிலும் இத்தகைய பணி நடைபெற்றுள்ளது. ஒடிசாவின் கோராபுட் பகுதியைச் சேர்ந்த கமலா பூஜாரி நாட்டுநெல் வகைகளைக் காத்தமைக்காக 2019இல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 2024இல் மறைந்தார். வயநாட்டின் செறுவயல் ராமனுக்கு அவ்விருது 2023இல் வழங்கப்பட்டது. இவ்விருவரும் பழங்குடியினர் என்பது கருதத்தக்கது.

பயிர் வகைகள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் 2001இல் இயற்றப்பட்டது. விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பரிமாறவும் உழவருக்குள்ள உரிமையை இச்சட்டம் ஏற்கிறது. உழவர் என்பதற்கு அது தரும் விளக்கத்தில், தாமே பயிரிடுவோரும், பிறரைக் கொண்டு நேரடி மேற்பார்வையில் பயிரிடுவோரும், மரபு வகைகளைக் காப்போரும் அடங்குவர். பள்ளு நூலின் சொற்களில் கூறுவதாயின், பண்ணைக்காரன் இவ்விளக்கத்துள் தெளிவாக இடம்பெறுகிறான். கூலிக்கு உழைக்கும் பள்ளன், விதையைக் காத்தவன் என மெய்ப்பிக்கப்பட்டாலன்றி இடம்பெறுதல் அரிது. நிலமும் பட்டாவும் இல்லாதவர் அதனை மெய்ப்பிக்க எதனைச் சான்றாகக் காட்டுவர் என்பதே சிக்கல்.

முடிவுரை

பள்ளு நூல்களின் விதைப் பட்டியல், உழைக்கும் மக்கள் நெல்லைப் பற்றிக் கொண்டிருந்த அறிவின் ஆவணமாகும். அவ்வறிவுக்குரியோர் விளைவின் மீது உரிமையற்றிருந்தனர் என்பதையும் அந்நூல்களே காட்டுகின்றன. இருபதாம் நூற்றாண்டில் பெயரிடும் உரிமையும் அவர்களிடமிருந்து நீங்கியது. இன்று மரபு அரிசி நகரக் கடைகளில் உயர்ந்த விலைக்கு விற்கப்படுகிறது. அவ்விற்பனையில் நெல்லின் பழம்பெயர் திரும்பி வந்துள்ளது. அப்பெயரை இட்டோரின் வழித்தோன்றல்கள் பெரும்பாலும் கூலித் தொழிலாளராகவே உள்ளனர். வட்டாரந்தோறும் நெல்வகைகளின் பெயர்களைத் தொகுக்கும் தமிழாய்வு, அவற்றைச் சொன்ன உழவுத் தொழிலாளரின் வாய்மொழியையும் சேர்த்துப் பதிவு செய்தல் வேண்டும். உழவர் உரிமைச் சட்டம் நாளை கேட்கக்கூடிய சான்றுக்கு அத்தகைய பதிவுகள் துணையாகும்.