சதுர அடியில் ஒரு சண்டை: வரவிருக்கும் வணிக வளாகங்களின் பலகைகளும் அமெரிக்க ஊர்களும், 1905–2022

காலி மனையில் வணிக வளாகம் வரப்போகிறது என்று அறிவிக்கும் பலகைக்கு அமெரிக்க உள்ளாட்சி விதிகளில் சரியான இடம் அமைந்ததே இல்லை. கடை இருக்கும் இடத்திலேயே அதன் பெயரைத் தாங்கி நிற்பது ஒரு வகைப் பலகை. எங்கோ விற்கும் காரையோ குளிர்பானத்தையோ சாலையோரத்தில் காட்டுவது இன்னொரு வகை. முன்னதை ‘அவ்விடப் பலகை’ என்றும் பின்னதை ‘வேற்றிடப் பலகை’ என்றும் பிரித்து, முதலாவதற்குத் தாராளமாகவும் இரண்டாவதற்குக் கறாராகவும் விதி வகுப்பது அங்குள்ள வழக்கம். வரப்போகும் வளாகத்தின் பலகை இரண்டிலும் முழுதாக அடங்குவதில்லை. நிற்பது அதே மனையில்தான் என்றாலும், அது காட்டும் கடைகள் அங்கே இன்னும் இல்லை. கட்டட அனுமதிகூட வராமல் இருக்கலாம்.

இப்படிப்பட்ட பலகை எழுந்ததும் அக்கம்பக்கத்தார் நகராட்சியிடம் போகிறார்கள். அவர்கள் மனத்தில் இருப்பது போக்குவரத்து நெரிசல், இரவு வெளிச்சம், வீட்டின் விலை. மனுவில் எழுதுவதோ பலகை விதியை மீறிப் பெரிதாக இருக்கிறது என்று. வளாகத்தைப் பற்றிய சண்டை ஏன் பலகையின் அளவைப் பற்றிய சண்டையாக மாறுகிறது? ஊர்கள் கையிலெடுத்த மற்ற வாதங்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலான காலத்தில் நீதிமன்றங்களில் ஒவ்வொன்றாகத் தோற்றன அல்லது பலவீனமாயின. ஏறத்தாழச் சேதமின்றித் தப்பியது அளவு ஒன்றே என்பது இக்கட்டுரையின் வாதம்.

1. அழகைச் சொல்ல முடியாத காலம்: 1905–1926

நியூ ஜெர்சி மாநிலத்தின் பசேயிக் நகரம், பலகைகள் 8 அடிக்கு மேல் உயரக்கூடாது, தெருவின் எல்லையிலிருந்து 10 அடி தள்ளி நிற்கவேண்டும் என்று விதித்தது. 1905இல் மாநில உச்ச மேல்முறையீட்டு மன்றம் அந்த விதியைச் செல்லாததாக்கியது. கண்ணுக்கு அழகாயிருப்பது ஆடம்பரத்தின்பாற்பட்டது. ஒருவரின் சொத்துரிமையை இழப்பீடின்றிக் குறைக்க அவசியம் ஒன்றே காரணமாக முடியும் என்பது தீர்ப்பின் சாரம்.

இத்தீர்ப்பிலிருந்து நகரங்கள் ஒரு பாடம் கற்றுக்கொண்டன. பலகை அசிங்கமாக இருக்கிறது என்று சொன்னால் வழக்கு தோற்கும், ஆபத்தாக இருக்கிறது என்று சொன்னால் நிற்கும். செயின்ட் லூயிஸ் நகரம் 14 அடி உயரம், 500 சதுர அடி பரப்பு என்று உச்சவரம்பு வைத்தது. பலகையின் அடிவிளிம்புக்கும் தரைக்கும் இடையே 4 அடி திறப்பு இருக்கவேண்டும் என்றும் சேர்த்தது. விளம்பர நிறுவனம் ஒன்று தொடுத்த வழக்கில் 1911இல் மிசௌரி உச்ச நீதிமன்றம் நகரத்தின் பக்கம் நின்றது. பெரிய பலகை காற்றில் சாயும், தீ பரவ வழிசெய்யும், அதன் பின்புறம் குப்பை சேரும், குற்றவாளிகள் ஒளிவார்கள், ஒழுக்கக்கேடு நடக்கும் என்று தீர்ப்பு அடுக்கிக்கொண்டே போனது. தரைக்கு மேல் 4 அடி திறப்பு எதற்கு என்பது இப்போது விளங்கும்: பின்னால் நிற்பவரின் கால் தெரியவேண்டும். அழகைப் பேச முடியாத ஊர், அதே நோக்கத்தை அடி, அங்குலக் கணக்கில் எழுதத் தொடங்கியது இங்கேதான்.

சிகாகோவின் வழி வேறு. பாதிக் கட்டடங்கள் குடியிருப்பாக உள்ள தெருப்பகுதியில் 12 சதுர அடிக்கு மேற்பட்ட பலகை வைக்க வேண்டுமானால், அங்கே இருபுறமும் உள்ள முகப்பு நிலத்தில் பெரும்பகுதிக்கு உரியவர்களின் எழுத்துமூல ஒப்புதல் தேவை என்றது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1917இல் இதை ஏற்றது. அண்டை வீட்டாரின் சம்மதத்தைச் சட்டம் இவ்வளவு நேரடியாகக் கேட்டது அபூர்வம். 12 சதுர அடிக்குக் கீழே கேள்வியில்லை, அதைத் தாண்டினால் ஊரைக் கேட்கவேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அளவு இங்கே உரையாடலைத் தொடங்கிவைக்கும் எல்லைக்கோடாக இருந்தது.

1926இல் ஓஹியோவின் யூக்ளிட் கிராமத்துக்கும், அங்கே 68 ஏக்கர் வைத்திருந்த ஒரு மனை வணிக நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில், நிலத்தை மண்டலங்களாகப் பிரிக்கும் அதிகாரத்தை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அதே ஆண்டுகளில் மத்திய வணிகத்துறை வெளியிட்ட மாதிரி மண்டலச் சட்டம், விதியால் தேவையற்ற கஷ்டம் நேரும் இடங்களில் விலக்கு அளிக்க ஊருக்கு ஊர் ஒரு முறையீட்டுக் குழு அமைக்க வழிசெய்தது. பெரிய பலகை பற்றிய தகராறுகள் பின்னாளில் வந்து சேர்ந்த மேடை இந்தக் குழுதான்.

2. நெடுஞ்சாலைச் சட்டம் விட்ட வாசல்: 1954–1965

1954இல் தலைநகர் வாஷிங்டனின் மறுசீரமைப்பு தொடர்பான வழக்கில், ஊர் அழகாக இருப்பதும் பொதுநலனே என்று உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. பசேயிக்கில் தோற்ற வாதம் அரை நூற்றாண்டு கழித்து வென்றது. 1965 அக்டோபரில் அதிபர் லிண்டன் ஜான்சன் நெடுஞ்சாலை அழகுபடுத்தும் சட்டத்தில் கையெழுத்திட்டார். அவருடைய மனைவி லேடி பேர்ட் ஜான்சன் முன்னின்று வற்புறுத்திய சட்டம் இது. முதன்மைச் சாலைகளின் எல்லையிலிருந்து 660 அடிக்குள் விளம்பரப் பலகைகளை மாநிலங்கள் கட்டுப்படுத்தவேண்டும், தவறினால் மத்திய நெடுஞ்சாலை நிதியில் ஒரு பகுதி பிடிக்கப்படும்.

இந்தச் சட்டத்தின் விலக்குப் பட்டியல் நம் பொருளுக்கு முக்கியமானது. பலகை நிற்கும் சொத்தையே விற்கவோ குத்தகைக்கு விடவோ விளம்பரம் செய்யும் பலகைகளுக்குத் தடை இல்லை. சொந்த நிலத்தை விற்க ஒருவர் சிறு பலகை மாட்டுவதைக் காக்க இது நியாயமான ஏற்பாடு. ஆனால் புதிய வளாகத்தைத் திட்டமிடுபவரும் அதே நிலத்தில் கடைகளைக் குத்தகைக்கு விடுபவர்தான். கட்டாத கடையை ‘இடம் கிடைக்கும்’ என்று அறிவிக்கும் பலகை இந்த வாசல் வழியாக உள்ளே வந்தது. தேசியச் சட்டம் விட்டதை ஊர்கள்தாம் அடைக்கவேண்டியிருந்தது.

3. ‘விற்பனைக்கு’ என்ற பலகையின் வழக்கு: 1977–1981

வேறொரு காரணத்துக்காக என்றாலும், விற்பனைப் பலகைகளைத் தடுக்க முயன்ற ஊர்களில் ஒன்று நியூ ஜெர்சியின் விலிங்பரோ. வெள்ளையர் குடியிருப்பாக எழுப்பப்பட்ட அந்த நகரியத்தில் 1960களில் கறுப்பினத்தவர் குடியேறத் தொடங்கினர். 1970இல் வெள்ளையரல்லாதார் பங்கு 11.7 விழுக்காடு, 1973இல் 18.2 விழுக்காடு. தெருவில் நாலைந்து ‘விற்பனைக்கு’ பலகைகளைப் பார்த்ததும் மற்ற வெள்ளையரும் பீதியடைந்து வீட்டை விற்கிறார்கள் என்று எண்ணிய நகரியம், 1974இல் அத்தகைய பலகைகளைத் தடைசெய்தது. இன ஒற்றுமையைக் காப்பதே சொல்லப்பட்ட நோக்கம்.

1977இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ஒருமனதாக நீக்கியது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி தர்குட் மார்ஷல். கறுப்பின மாணவர்களுக்காகப் பள்ளிப் பிரிவினையை எதிர்த்து வாதாடி வென்ற அவர், நோக்கம் நல்லதென்பதை மறுக்கவில்லை. ஆனால் மக்கள் உண்மையான செய்தியை அறிந்தால் தவறாக நடந்துகொள்வார்கள் என்று அரசு அஞ்சி அதை மறைப்பதைக் கருத்துரிமை அனுமதிக்காது என்றார். வணிகப் பேச்சுக்கும் அரசியலமைப்பின் பாதுகாப்பு உண்டு என்று அதற்கு முந்தைய ஆண்டுதான் அந்த மன்றம் தீர்ப்பளித்திருந்தது. விலிங்பரோவின் விதி வாசகத்தைக் குறிவைத்தது, அதனால் வீழ்ந்தது. பலகையின் அளவையோ எண்ணிக்கையையோ குறித்த விதியாக இருந்திருந்தால் கேள்வியே வேறாகியிருக்கும்.

1981இல் சான் டியாகோ வழக்கு குழப்பத்தைக் கூட்டியது. வேற்றிட வணிகப் பலகைகளைப் பெரும்பாலும் தடைசெய்து, அவ்விடப் பலகைகளையும் விற்பனை, குத்தகை அறிவிப்புகள் உள்ளிட்ட 12 வகைகளையும் அந்நகரம் விட்டுவைத்திருந்தது. நீதிபதிகள் ஐந்து தனித் தீர்ப்புகள் எழுதினர். பெரும்பான்மையான ஒரே தீர்ப்பு கிடைக்கவில்லை. போக்குவரத்துப் பாதுகாப்பும் நகரத் தோற்றமும் பலகையைக் கட்டுப்படுத்தப் போதுமான காரணங்கள் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. எந்தச் செய்திக்கு விலக்கு, எதற்கு இல்லை என்று ஊர் தேர்ந்தெடுத்ததுதான் சிக்கலானது.

4. கில்பர்ட்டிலிருந்து ஆஸ்டினுக்கு: 2015–2022

அரிசோனாவின் கில்பர்ட் ஊரில், சொந்தக் கட்டடமில்லாத ஒரு சிறு தேவாலயம் வாராவாரம் வழிபாடு நடக்கும் இடத்துக்கு வழிகாட்டப் பலகை வைத்தது. ஊரின் விதிப்படி கொள்கைப் பலகை 20 சதுர அடி வரை இருக்கலாம். அரசியல் பலகை, குடியிருப்பல்லாத இடங்களில் 32 சதுர அடி வரை. நிகழ்ச்சிக்கு வழிகாட்டும் தற்காலிகப் பலகைக்கு 6 சதுர அடிதான், அதையும் நிகழ்ச்சி முடிந்த ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடவேண்டும். பலகை சொல்லும் செய்தியைப் பொறுத்து அதன் அளவு வரம்பு மாறினால் அந்த விதி உள்ளடக்கத்தைக் கட்டுப்படுத்துவதாகும் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் கூறி, விதியைச் செல்லாததாக்கியது. எல்லாப் பலகைக்கும் பொதுவான அளவு, இடம், வெளிச்சம் பற்றிய விதிகள் நிற்கும் என்று நீதிபதி சாமுவேல் அலிட்டோ தனியே எழுதிய இணைத்தீர்ப்பு ஊர்களுக்கு ஆறுதல் தந்தது.

அதன்பின் பல நகராட்சிகளின் வழக்கறிஞர்கள் விதிப்புத்தகத்தைத் திருத்த உட்கார்ந்தார்கள். ‘கட்டுமான அறிவிப்புப் பலகை’, ‘மனை விற்பனைப் பலகை’ என்று தனித்தனித் தலைப்பு வைத்து வெவ்வேறு அளவு தருவது அபாயமானது. அவற்றைக் கலைத்து ‘தற்காலிகப் பலகை’ என்ற ஒரே பெட்டியில் போட்டு மனையின் மண்டலத்தையும் அகலத்தையும் பொறுத்து அளவு விதிப்பது பாதுகாப்பான வழியானது. 2022இல் ஆஸ்டின் நகர வழக்கில், அவ்விடம், வேற்றிடம் என்ற பிரிவு உள்ளடக்கக் கட்டுப்பாடாகாது என்று கூறி உச்ச நீதிமன்றம் இந்தக் கறாரைச் சற்றுத் தளர்த்தியது. இல்லாத கடையின் பலகை எந்தப் பக்கம் என்ற கேள்விக்கு அதிலும் விடையில்லை.

5. முப்பத்திரண்டு சதுர அடி

தற்காலிகப் பலகை பற்றிய அமெரிக்க ஊர் விதிகளில் 32 சதுர அடி என்ற எண் அடிக்கடி தென்படும். கில்பர்ட்டிலும் கண்டோம். அங்கே கடையில் வாங்கும் முழு ப்ளைவுட் பலகை 4 அடிக்கு 8 அடி. அதன் பரப்பும் 32தான்.

இந்த அளவு போதாது என்று விலக்குக் கேட்டு முறையீட்டுக் குழு முன் வரும் புரமோட்டர் வழக்கமாகச் சொல்லும் காரணம், வேகமாகப் போகும் காரிலிருந்து படிக்க முடியாது என்பது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 45 மைல் வேகத்தில் கார் ஒரு வினாடியில் 66 அடி கடக்கும். மூன்று வினாடி படிக்க ஏறத்தாழ 200 அடி தூரத்திலேயே எழுத்து தெரியவேண்டும். சாலைக் குறியீடுகளுக்கான மத்தியக் கையேட்டின் 2009 பதிப்பு, 30 அடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்ற விகிதத்தைக் கொள்கிறது. அப்படியானால் 7 அங்குல எழுத்து போதும். எட்டடி அகலப் பலகையில் வரிக்குப் பத்துப் பன்னிரண்டு எழுத்தாக வளாகத்தின் பெயர், தொலைபேசி எண், ‘விரைவில்’ என்ற அறிவிப்பு மூன்றும் தாராளமாக அடங்கும். அடங்காதது படம்: மாலை வெயிலில் மின்னும் கண்ணாடி முகப்பும், நிழல்தரும் மரங்களும், நடைபாதையில் சிரிக்கும் குடும்பமும். குத்தகைதாரரை ஈர்ப்பதும், எல்லாம் முடிவாகிவிட்டது என்ற எண்ணத்தை ஊராரிடம் விதைப்பதும் அந்தப் படமே. ஊரார் எதிர்ப்பதும் அதைத்தான். ஆனால் படத்தைத் தடுக்க விதிக்கு அதிகாரமில்லை, பரப்பைக் குறைக்க உண்டு.

ஆகவே குழுவின் முன் நடக்கும் வாதம் விநோதமான நுணுக்கங்களில் இறங்குகிறது. இருமுகப் பலகைக்கு ஒரு முகத்தை மட்டும் கணக்கிடுவதா? பலகையின் சட்டகமும் கம்பமும் பரப்பில் சேருமா? மண்ணை மேடாக்கி அதன்மேல் நட்டால் உயரத்தை எங்கிருந்து அளப்பது?

இதே 4க்கு 8 அளவு எதிர்ப்பக்கத்திலும் வருகிறது. சியாட்டில் நகரம், பெரிய கட்டுமானத் திட்டங்களுக்கு மனு செய்பவர் மனையிலேயே 4 அடிக்கு 8 அடி வெள்ளைப் பலகை வைத்து, என்ன கட்டப்போகிறார், எங்கே கருத்துத் தெரிவிக்கலாம் என்று எழுதவேண்டும் என்கிறது. வணிகப் பலகை சிறிதாக இருக்கட்டும் என்று ஊர்கள் கேட்கின்றன, பொது அறிவிப்போ கண்ணில் படும்படி பெரிதாக வேண்டும் என்கின்றன. ஊராருக்குப் பெரிய பலகை என்றாலே வெறுப்பு என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு இதுவே சான்று.

6. இந்தியா சென்ற வேறு வழி

இந்தியாவிலும் விளம்பரம் கருத்துரிமைக்குள் அடங்கும் என்று டாடா பிரஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995இல் கூறியது. தனியார் நிலத்தில் நிற்கும் ஹோர்டிங்குக்கும் உரிமம் வேண்டும் என்ற சென்னை மாநகராட்சிச் சட்டப் பிரிவுகளை 2008இல் அது ஏற்றது. மனை வணிகத்தைப் பொறுத்தவரை நம் சட்டம் வாசகத்துக்குள்ளேயே நுழைந்தது. 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, அதன் வரம்புக்குள் வரும் திட்டத்தைப் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக்கூடாது என்கிறது. மீறினால் திட்டத்தின் மதிப்பிட்ட செலவில் 10 விழுக்காடு வரை அபராதம். 11ஆம் பிரிவு, பதிவு எண்ணையும் ஆணையத்தின் இணையதள முகவரியையும் விளம்பரத்தில் போடச் சொல்கிறது. விளம்பரத்தின் பொய்யை நம்பிப் பணம் கட்டியவருக்கு 12ஆம் பிரிவு இழப்பீடு தருகிறது. வாங்குபவரைக் காக்கும் சட்டம் இது. பக்கத்துத் தெருக்காரருக்கு இதில் பங்கில்லை.

முடிவு

1905இல் அழகு என்ற காரணம் தோற்றது, 1954இல்தான் மீண்டது. 1977இல் செய்தியைத் தடுக்கும் வழி அடைபட்டது. 2015இல் செய்திக்கேற்ப அளவை மாற்றும் வழியும் அடைபட்டது. ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் ஊர்கள் திரும்பி வந்த இடம் சதுர அடி. அது எண் என்பதால் பாரபட்சமற்றது, அதனாலேயே ஊமையும்கூட. நெரிசலைப் பற்றியோ வீட்டு விலையைப் பற்றியோ அது எதுவும் பேசாது. 64 சதுர அடிப் பலகையை 32 ஆக்க வைத்த ஊர் வழக்கில் வென்றிருக்கும், வளாகமும் வந்திருக்கும். சிகாகோ 1917இல் வென்ற விதியும் சியாட்டிலின் வெள்ளைப் பலகையும் அளவை வேறுவிதமாகக் கையாள்கின்றன: ஒன்றில் அளவு கூடினால் அண்டை வீட்டாரைக் கேட்கவேண்டும், மற்றதில் அவர்களைக் கூப்பிடவே பெரிய அளவு. பலகைத் தகராறைத் தீர்க்க நினைக்கும் உள்ளாட்சிகள் அளவுநாடாவை நீட்டுவதற்கு முன், ஊரார் கருத்துச் சொல்லும் நாள் பலகை எழும் நாளுக்கு முன்பே வருமாறு விதியை அமைப்பது பயன்தரும்.