வடிகாலைக் காணாத சட்டம்: தில்லி 1985 முதல் எண்ணூர் 2023 வரை

1985 டிசம்பர் 4 அன்று தில்லியின் ஸ்ரீராம் உர ஆலையில், ஓலியம் நிரம்பிய தொட்டியைத் தாங்கியிருந்த கட்டமைப்பு சரிந்தது. தொட்டி உடைந்து நச்சுப்புகை நகருக்குள் பரவியது. தீஸ் ஹசாரி நீதிமன்ற வழக்கறிஞர் ஒருவர் அதனால் இறந்ததாக உச்ச நீதிமன்றத்தில் முறையிடப்பட்டது. போபால் பேரழிவு நிகழ்ந்து அப்போதுதான் ஓராண்டு நிறைந்திருந்தது. அந்த ஆலையை மக்கள் நெருங்கி வாழும் பகுதியிலிருந்து அகற்றக் கோரி எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கு, கசிவுக்கு முன்பே நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தது என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

1986 டிசம்பர் 20 அன்று பி.என். பகவதி தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு வகுத்த முழுமையான பொறுப்புக் கோட்பாட்டைச் சட்ட மாணவர் அனைவரும் அறிவர். அதே ஆண்டு பிப்ரவரியில் ஆலையை மீண்டும் இயக்க நீதிமன்றம் விதித்த நிபந்தனைகளை நாம் அதிகம் படிப்பதில்லை. குளோரின் உடலுக்குச் செய்யும் தீங்கை விளக்கும் பலகை வேண்டும். கசிவு நேர்ந்தால் அக்கம்பக்கத்தாரை எச்சரிக்க ஒலிபெருக்கி வேண்டும் என்றது அவ்வாணை. இழப்பீடு விபத்துக்குப் பின் வருவது. இந்நிபந்தனைகளோ விபத்துக்கு முன் நிற்பவை.

இவ்விரு நிகழ்வுகளின் நிழலில்தான் 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 1987இன் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம், 1989இன் அபாய இரசாயன விதிகள், 1996இன் இரசாயன விபத்து விதிகள் ஆகியன பிறந்தன. ஆலைக்குள் செயல்படும் அவசரகாலத் திட்டம் உரிமையாளரின் கடமை. ஆலைக்கு வெளியே செயல்படும் திட்டம் மாவட்ட நிர்வாகத்தின் கடமை. எரியும் திரவங்களும் இவ்விதிகளில் அடங்குகின்றன. சுற்றுச்சூழலுக்கு நேரும் கேடும் விபத்தாகவே கொள்ளப்படுகிறது. எனினும் என் வாசிப்பில், இவற்றின் பின்னுள்ள கற்பனை காற்றைச் சார்ந்தது: சங்கு ஒலிக்கும், மக்கள் வெளியேறுவர், புகை கலையும். எண்ணெய் கலைவதில்லை, நீர் செல்லும் வழியெல்லாம் சென்று படிகிறது. கடலில் படியும் எண்ணெய்க்குக் கடலோரக் காவல்படையின் பொறுப்பில் 1996 முதல் ஒரு தேசியத் திட்டம் உண்டு. ஆற்றுக்கும் கால்வாய்க்கும் அதற்கு நிகரான தனித் திட்டம் இல்லை.

இந்த இடைவெளியின் விலையை 2023 டிசம்பரில் எண்ணூர் கொடுத்தது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய்க்கும், அங்கிருந்து கொசஸ்தலை ஆற்றுக்கும் முகத்துவாரத்துக்கும் சென்றது. சென்னை பெட்ரோலிய நிறுவன வளாகத்தின் மழைநீர் மேலாண்மைக் குறைபாட்டைத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சுட்டிக்காட்டியது. நிறுவனமோ தன் குழாய்களில் கசிவு இல்லை என்றது. இரண்டு கூற்றுகளும் ஒருசேர உண்மையாக இருக்கக்கூடும் என்பதே இங்குப் பாடம்: குழாய் உடையாமலே, வளாகத்தில் தேங்கிய எண்ணெயை மழைநீர் வெளியே கொண்டுசெல்ல முடியும். மீனவர்கள் வாளிகளைக் கொண்டு எண்ணெயை அள்ளிய காட்சியை நாம் மறந்திருக்க முடியாது.

அமெரிக்காவில் எண்ணெய்க் கிடங்குகளுக்கான கசிவுத் தடுப்பு விதி 1974இலேயே நடைமுறைக்கு வந்தது. தொட்டியைச் சுற்றித் தடுப்புச்சுவர், வடிகாலில் அடைப்பிதழ், எழுத்தில் திட்டம் என்பன அதன் சாரம். இருந்தும் 1988 ஜனவரி 2 அன்று பென்சில்வேனியாவின் ஃபுளோரெஃப்பில், பிரித்துக் கொண்டுவந்து மீண்டும் நிறுவிய பழைய தொட்டியொன்று முதன்முறை நிரம்பும்போதே பிளந்தது. டீசல் அலையாக எழுந்து சுவரைத் தாண்டி, ஒரு மழைநீர் வடிகால் வழியே மோனோங்ககீலா ஆற்றில் இறங்கியது. ஏறத்தாழ பத்து இலட்சம் மக்களின் குடிநீர் பாதிக்கப்பட்டது. இதற்கும் 1989இன் எக்ஸான் வால்டெஸ் கசிவுக்கும் பின் வந்த 1990ஆம் ஆண்டுச் சட்டம், நேரக்கூடிய மிக மோசமான கசிவுக்கு முன்கூட்டியே திட்டமிடுமாறு கிடங்குகளைப் பணித்தது.

ஃபுளோரெஃப்பிலும் மணலியிலும் எண்ணெய் தேர்ந்த வழி ஒன்றே: எவரும் ஆபத்தென எண்ணாத மழைநீர் வடிகால்.

தில்லிக்கு இது தொலைவான செய்தியன்று. யமுனையின் மேற்புறத்தில் பானிப்பட் தொழிற்பகுதி இருக்கிறது. ஆற்றில் அம்மோனியா மிகும்போதெல்லாம் வசீராபாத் சுத்திகரிப்பு நிலையம் உற்பத்தியைக் குறைப்பதை இந்நகரவாசிகள் அறிவர். அம்மோனியாவின் இடத்தில் எண்ணெய் வந்தால் நீரேற்று வாயிலை யார், எத்தனை மணி நேரத்தில் மூடுவார்? மாவட்டங்களின் அவசரகாலத் திட்டங்களைத் தேடிப் படிக்கும் ஆய்வு மாணவர்கள் இக்கேள்வியோடு அவற்றைத் திறக்க வேண்டும். தீர்ப்புகளைப் படித்த அளவுக்கு வடிகால் வரைபடங்களை நாம் இன்னும் படிக்கவில்லை.