தோணிக்காரப் பூட்டனார்

எங்கள் பூட்டனார் விக்டோரியா ராணி காலத்தில் நாகூரிலிருந்து கப்பலேறி வந்தவர். சிங்கப்பூர் ஆற்றில் தோணி தள்ளினார் என்பார் அத்தா. முதலாளியாகத்தான் வந்தார் என்பார் பெரியத்தா. எது உண்மை?

கடை சாத்திய பிறகு, இரவுகளில் தேசிய நூலகத்தின் பழைய நாளிதழ்களில் தேடினோம். 1845இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸில் வணிகர் பெயர் வரும், கப்பல் பெயர் வரும். கூலிக்காரரோ பெரும்பாலும் வெறும் 'கிளிங்', 'சூலியா'தான். நம்மவருக்குக் குடும்பப் பெயரும் கிடையாது. குமாஸ்தாவின் காதில் விழுந்தபடி ஒரே அப்துல் காதர் நாலு விதமாக எழுதப்படுகிறார். 1887இல் மகுதூம் சாயபு தொடங்கிய 'சிங்கை நேச'னையும் புரட்டினோம். தோணிக்காரர் எவருக்கும் அதில் இடம் தேட வேண்டியிருந்தது.

ஆற்றுச் சரக்குத் தோணிகளை ஆரம்பத்தில் பெரும்பாலும் ஓட்டியவர்கள் நம்மவர்களே. பிறகுதான் தொழில் சீனர் கைக்கு மாறியது. 1827இல் குடிசையாக எழுந்த குச்சுப் பள்ளியும், 1830இல் முடிந்த நாகூர் தர்காவும் இருக்கும் தெலுக் ஆயர் தெரு அன்று கடற்கரை. பூட்டனார் அங்கே தொழுதிருப்பார் என்று எண்ணிக்கொண்டு ஒரு ஜும்ஆவுக்குப் போய்வந்தோம்.

விடை கிடைத்தது நூலகத்தில் அல்ல, உம்மாவின் டிரங்குப் பெட்டியில். அரபுத்தமிழில் ஒரு கடிதம். எங்களில் எவருக்கும் வாசிக்கத் தெரியவில்லை. நம் சங்கத்துப் பெரியவர் ஒருவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். தோணிக் கூலியில் மிச்சம் பிடித்த பணத்தை அனுப்புவதாகவும், மழைக்கு முன் கூரை மாற்றும்படியும் எழுதியிருந்தார் பூட்டனார்.

பெரியத்தா கடிதத்தை வாங்கி வெகுநேரம் கையில் வைத்திருந்தார். முதலாளிக் கதையை அதன்பின் அவர் எடுக்கவில்லை.