எல்.ஐ.சி. கட்டடம்: உயரமும் உரிமையும்



சென்னைக்கு முதன்முறை வந்த நம்மில் பலர் அண்ணா சாலையில் அண்ணாந்து நின்று எல்.ஐ.சி. கட்டடத்தின் மாடிகளை எண்ணியிருக்கிறோம். அதற்கு முன்பே சினிமா நமக்கு அதைக் காட்டிவிட்டது. ஊரைவிட்டு வந்த நாயகன் சென்ட்ரலில் இறங்குவான். அடுத்த காட்சியில் எல்.ஐ.சி. வரும். பட்டணம் வந்துவிட்டது என்று பொருள். ஒரு நினைவுச் சொற்பொழிவில் இந்தக் கட்டடத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் நினைக்கலாம். அண்ணல் அம்பேத்கர் எழுப்பிய ஒரு கோரிக்கையை இந்தக் கட்டடத்தின் வரலாற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் வரலாறு. இது அரசு கட்டத் தொடங்கிய கட்டடம் அல்ல. இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை நிறுவிய எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியாரின் யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிக்காக 1953இல் தொடங்கப்பட்டது. லண்டன் கட்டடக் கலைஞர்கள் பிரவுனும் மூலினும் 18 மாடிகளுக்குத் திட்டமிட்டார்கள். 1954 மார்ச்சில் சிங்கப்பூர் விமான விபத்தில் செட்டியார் இறந்தார். 1957இல் மூலின் விலக, எல்.எம். சித்தாலே பொறுப்பேற்றார். கட்டடம் 12 மாடிகளோடு நின்றது. சுமார் 87 லட்சம் ரூபாய் செலவில் முடிந்த அதை, 1959 ஆகஸ்ட் 23 அன்று நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் திறந்துவைத்தார்.

அதன் வடிவத்தையும் பார்க்க வேண்டும். வெள்ளையர் காலத்துச் சென்னை, உயர்நீதிமன்றம் போன்ற பெருங்கட்டடங்களைச் செங்கல்லும் குவிமாடமுமாக எழுப்பியது. எல்.ஐ.சி.யில் குவிமாடம் இல்லை, கோபுரக் கலசம் இல்லை. நிமிர்த்திவைத்த செவ்வகப் பெட்டி. வரிசை வரிசையாக ஜன்னல்கள். ஒரு தளத்தைப் போலவே அடுத்த தளம். ‘கோபுர தரிசனம் கோடி புண்ணியம்’ என்று நம் முன்னோருக்குச் சொல்லப்பட்டது. உள்ளே விடாதவர்களே வெளியே நின்று கும்பிட்டுக்கொள்ளச் சொன்னார்கள். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நம்மவர் நுழைந்தது 1939 ஜூலை 8 அன்றுதான். அதற்கு இருபது ஆண்டுகள் கழித்து, சாமியும் சாதியும் சொல்லாத ஓர் உயரம் சென்னையில் எழுந்தது. ஆனால் குவிமாடத்தை எடுத்துவிட்டால் மட்டும் கட்டடம் எல்லோருக்கும் உரியதாகிவிடாது. அது யார் உடைமை, அதன் மேசைகளில் யார் உட்காரலாம் என்பதே கேள்வி.

இங்கேதான் அம்பேத்கர் வருகிறார். 1947இல் பட்டியல் சாதிகள் கூட்டமைப்பின் சார்பில் அரசமைப்பு அவைக்காக அவர் எழுதிய ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ என்ற அறிக்கையில், காப்பீடு முழுவதும் அரசின் ஏகபோகமாக இருக்க வேண்டும் என்றார். வயதுவந்த ஒவ்வொருவரும் தம் கூலிக்கேற்ற ஆயுள் காப்பீடு எடுப்பதை அரசு கட்டாயமாக்க வேண்டும் என்றும் கேட்டார். காரணம் இரண்டு சொன்னார்: தனியார் கம்பெனியைவிட அரசு தரும் உறுதி வலியது; திட்டங்களுக்கான பணத்தை அரசு அதிக வட்டிக்குக் கடன் வாங்க வேண்டியிருக்காது.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1956 ஜனவரி 19 அன்று ஆயுள் காப்பீட்டு நிர்வாகத்தை அரசு அவசரச் சட்டத்தால் கையில் எடுத்தது. 245 நிறுவனங்கள் ஒன்றாக்கப்பட்டு, செப்டம்பர் 1 அன்று ஆயுள் காப்பீட்டுக் கழகம் பிறந்தது. பாதியில் நின்ற மவுண்ட் ரோடு கட்டடமும் பொதுச்சொத்தானது. அம்பேத்கரின் கோரிக்கையால்தான் இது நடந்தது என்று நாம் சொல்லவில்லை. தனியார் கம்பெனிகளின் முறைகேடுகளும் ஐந்தாண்டுத் திட்டத்தின் பணத்தேவையும் முன்னே நின்றன. ஆனால் அவர் முன்னமே சொன்னதை மறைத்துவிட்டு இந்த வரலாற்றை எழுதவும் முடியாது.

இதனால் நமக்கு என்ன கிடைத்தது? இடஒதுக்கீட்டுக்கு இடம் தரும் அரசமைப்பின் 16(4) பிரிவு, தனியார் கம்பெனியின் கதவைத் தட்டாது. பொதுத்துறை ஆனதால்தான் அந்த வாசலில் நின்று நம்மால் உரிமை கேட்க முடிந்தது. சேரியிலிருந்து தேர்வு எழுதிப் போன முதல் தலைமுறை அப்படித்தான் அரசு வங்கிகளுக்குள்ளும் காப்பீட்டு அலுவலகங்களுக்குள்ளும் நுழைந்தது. அந்தச் சம்பளத்தில் தம்பி படித்தான், தங்கை படித்தாள்; ஓலைக்கூரை ஓட்டுக்கூரை ஆனது.

1975 ஜூலையில் இந்தக் கட்டடம் பெருந்தீயில் சிக்கியது. பழுதுபார்த்து மறுபடி நிறுத்தினார்கள். இன்று வரும் ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. 2022 மே மாதம் எல்.ஐ.சி.யின் 3.5 விழுக்காட்டுப் பங்குகள் சந்தையில் விற்கப்பட்டன. சிறுபங்குதானே என்பார்கள். பொதுவுடைமை சிறுகச் சிறுகக் கரையும்போது, நிரந்தர வேலை ஒப்பந்த வேலையாகும்போது, இடஒதுக்கீடு சட்டப் புத்தகத்தில் இருக்கும், வாசலில் இருக்காது.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை தருகிறோம். இந்தக் கட்டடத்தை வரைந்தவர், பணம் போட்டவர், திறந்துவைத்தவர் பெயர்கள் ஏடுகளில் உள்ளன. சாரத்தில் ஏறிய கொத்தனார் பெயரும் கலவைச் சட்டி சுமந்த சித்தாள் பெயரும் அவற்றில் இல்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் போய் உட்காருங்கள். இந்த நகரத்தில் அவர்கள் எந்தக் கட்டடத்துக்குக் கல் சுமந்தார்கள், நம் குடும்பத்தில் யார் முதலில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கினார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அடுத்த ஆண்டுச் சொற்பொழிவை அந்தக் குறிப்பேடுகளிலிருந்து தொடங்குவோம்.

ஜெய்பீம்.