கைப்பேசியில் குடியேறிய மொழி

"தாத்தா, ஆண்ட்ராய்டின் உட்கரு லினக்ஸ்தானே? லினக்ஸில் ஓடும் 'கோ' நிரல் அங்கே ஏன் அப்படியே ஓடாது?" என்று என் பேரன் ஒருநாள் வினவினான். நல்ல வினா.

கூகிள் நிறுவனத்தில் கிரீசமர், பைக், தாம்சன் ஆகிய மூவர் ஆக்கிய இம்மொழி 2009-இல் வெளியாயிற்று. அதில் எழுதியதைக் கம்பைலர் முன்கூட்டியே பொறிக்கட்டளைகளாக மாற்றிவிடும். ஆண்ட்ராய்டின் உட்கரு லினக்ஸேயாயினும், அதன்மேல் அமைந்த அடிப்படை நூலகம் வேறு. பயானிக் என்பது அதன் பெயர். நிரலை நினைவகத்தின் எவ்விடத்தில் இறக்கினும் அது இயங்குதல் வேண்டுமென 2014-இல் ஆண்ட்ராய்டு 5.0 கட்டாயப்படுத்தியது.

இவற்றினும் பெரிய தடையொன்று உண்டு. செயலியின் தலைவாயில் ஜாவாவினுடையது. கோ நிரலோ தன் 'மெயின்' பகுதியிலிருந்தே தொடங்கிப் பழகியது. வீட்டுத் தலைவன் விருந்தினனாக நுழைய வேண்டியதாயிற்று! நுழையாவிடில், ஒரே கணக்கீட்டை ஜாவாவில் மீண்டும் எழுத நேரும். படியெடுக்கையில் பிழை புகுவதை எத்தனை விடைத்தாள்களில் கண்டிருக்கிறேன்!

1.4 பதிப்பு, 2014 டிசம்பரில், ஜாவா அழைக்கும்போது பணிபுரியும் பகிர்நூலகமாகத் தன்னை அமைத்துக்கொண்டு உள்ளே புகுந்தது. இதனையே யான் அருஞ்செயல் என்பேன். 2015 ஆகஸ்டில் வந்த 1.5 பதிப்பு ஐபோனுக்கும் வழி திறந்தது; அதுவரை சி மொழியில் இருந்த கம்பைலரும் அப்பதிப்பிலேயே கோ மொழிக்கு மாறியது.